சல்லிக் கரைக்கு வந்த இணையம்

சல்லிக்கு இணையம் மேற்கு, தெற்குக் கரைகளிலிருந்து தரைவழியாக வந்து சேர்கிறது. திருகோணமலை நகருக்கு வடக்கே, உப்புவெளிக்கும் நிலாவெளிக்கும் இடையில், சாம்பல்தீவுக் களப்பு கடலோடு கலக்கும் இடத்தை ஒட்டிய மீனவக் கிராமம் அது. கடலோரத்து முத்துமாரியம்மன் கோயிலால் மாவட்டம் முழுவதும் அதை அறியும். உலகின் ஆழமான இயற்கைத் துறைமுகங்களில் ஒன்று கூப்பிடு தூரத்தில் இருந்தும், இலங்கையை வெளியுலகோடு இணைக்கும் இணையக் கேபிள்கள் கரையேறுவது கல்கிசையிலும் கொழும்பிலும் மாத்தறையிலும்தான். அங்கிருந்து தீவைக் குறுக்கே கடந்து, 250 கிலோமீட்டருக்கு மேல் ஓடித்தான் ஒரு செய்தி திருகோணமலைக்கு வருகிறது. இந்தத் தூரமே இக்கரையின் தொலைத்தொடர்பு வரலாற்றைத் தீர்மானித்தது. புதிதாக வந்த ஒவ்வொன்றும் இங்கே பிந்தியே வந்தது. வந்ததும் பல தடவை அறுந்தது.

தொடக்கம் தந்தி. காலியையும் கொழும்பையும் இணைத்த முதல் தந்திக் கம்பி 1858இல் இயங்கத் தொடங்கியது. ஐரோப்பாவிலிருந்து வரும் தபால் கப்பல்கள் அப்போது காலியில்தான் தங்கின. கப்பலில் வந்த சந்தைச் செய்தி கொழும்பு வணிகருக்கு உடனே வேண்டியிருந்தது. கோப்பித் தோட்டங்களின் தலைநகரான கண்டிக்கும் கம்பி விரைவில் போனது. வருமானம் எங்கிருந்ததோ அந்தத் திசையில் கம்பி ஓடிற்று. அந்தக் கணக்கு இன்றுவரை பெரிதாக மாறவில்லை.

திருகோணமலையின் நிலை வேறு. அது பிரித்தானியக் கடற்படையின் தளம். கடற்படைக்குத் தன் சொந்தச் செய்தித்தொடர்பு இருந்தது. 1942 ஏப்ரல் 9ஆம் திகதி ஜப்பானிய விமானங்கள் துறைமுகத்தையும் சீனக்குடா விமானத் தளத்தையும் தாக்கிய காலத்தில், இந்து சமுத்திரத்திலேயே மிக முக்கியமான செய்திகள் சில இந்த ஊரின் வான்வழியே போய்வந்தன. அவை ஊராருக்கு உரியவை அல்ல. 1957 ஒக்டோபரில் தளம் இலங்கையிடம் கையளிக்கப்பட்ட பிறகும், குடிமக்களுக்கென இருந்தது தபாற்கந்தோரும் அதன் தந்தியும், அரச கந்தோர்களுக்கும் பெரிய கடைகளுக்கும் மட்டும் எட்டிய தொலைபேசியும்தான்.

தபாலும் தொலைத்தொடர்பும் ஒரே திணைக்களமாக இருந்த நிலை 1980இல் மாறியது. தொலைத்தொடர்புத் திணைக்களம் தனியே பிரிந்தது. 1991ஆம் ஆண்டின் 25ஆம் இலக்கச் சட்டம் அதை ஸ்ரீலங்கா டெலிகொம் என்னும் கூட்டுத்தாபனமாக்கியது. அந்த ஆண்டில் நாட்டில் நூறு பேருக்கு ஓர் இணைப்புக்கூட இல்லை. விண்ணப்பித்துவிட்டு வருடக்கணக்கில் காத்திருப்பது கொழும்பிலேயே வழக்கம் என்றால், போர் நடந்த கிழக்கைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை.

இதே காலத்தில் இதே கரையில் இன்னொன்று நடந்தது. திருகோணமலைக்கு வடக்கே கடலோரத்தில் ஜெர்மனியின் டொய்ச்சே வெல்லே வானொலி தன் அஞ்சல் நிலையத்தை 1984இல் இயக்கத் தொடங்கியது. ஆசியா நெடுகக் கேட்கும் வலுவான சிற்றலை ஒலிபரப்புகள் அங்கிருந்து போயின. இந்தியா இந்த வகை நிலையங்களைச் சந்தேகத்தோடு பார்த்தது. 1987 ஜூலை 29ஆம் திகதி ராஜீவ் காந்தியும் ஜே. ஆர். ஜயவர்தனவும் ஒப்பந்தத்தோடு பரிமாறிக்கொண்ட கடிதங்களில், திருகோணமலைத் துறைமுகத்தைப் பற்றிய வாக்குறுதிக்கு அருகிலேயே வெளிநாட்டு ஒலிபரப்பு நிலையங்களும் இடம்பெற்றன. அவை பொது ஒலிபரப்புக்கு மட்டுமே பயன்பட வேண்டும், இராணுவ வேலைக்கோ உளவு வேலைக்கோ பயன்படக் கூடாது என்பதை உறுதிசெய்ய அந்த உடன்பாடுகள் மீளாய்வு செய்யப்படும் என இலங்கை ஒப்புக்கொண்டது. வல்லரசுகள் கவனித்த அலைவரிசைகள் தலைக்கு மேல் போய்க்கொண்டிருக்க, கீழே மீனவக் குடும்பங்களுக்கு ஒரு தொலைபேசி இல்லை. இலங்கைத் தொலைத்தொடர்பின் வரலாற்றை எழுதுவோர் இந்த முரணைத் தவிர்த்துவிட்டுப் போவது நியாயமாகாது.

போர்க்காலத்தில் கம்பி எளிதில் சேதப்படும் பொருளாயிற்று. செம்புக் கம்பியை வெட்டி விற்க முடியும். தூணைச் சாய்க்க முடியும். நகரங்களுக்கு இடையே நுண்ணலைக் கோபுரங்கள் செய்தியைக் கடத்தின. ஒரு கோபுரத்திலிருந்து அடுத்தது பார்வைக்கு எட்ட வேண்டும். நடுவில் ஒன்று விழுந்தால் அதற்கு அப்பால் உள்ள அத்தனை ஊரும் ஊமையாகும். யாழ்ப்பாணம் 1990 முதல் பல வருடங்கள் தொலைபேசி இல்லாமலே இருந்தது. திருகோணமலை நகர் அரச கட்டுப்பாட்டில் இருந்ததால் அந்த அளவு துண்டிக்கப்படவில்லை. ஆனாலும் சுற்றுக் கிராமங்களில் வீட்டுக்குத் தொலைபேசி என்பது எட்டாத காரியம். வெளிநாடு போன பிள்ளையோடு பேச வேண்டுமென்றால் நகரத்துக் ‘கொமியூனிகேஷன்’ கடைதான். எத்தனை மணிக்கு அழைப்பு வரும் என்று கடிதத்தில் முன்கூட்டியே எழுதி அறிவித்து, அந்த நேரத்துக்குக் குடும்பமே பஸ் ஏறி வந்து வாங்கில் காத்திருக்கும். புலம்பெயர்ந்த தமிழரின் முதல் வலையமைப்பை நடத்தியது அந்தக் கடைகள்தான் என்று சொல்வது மிகையல்ல.

சந்தை திறந்தது இந்தக் காலத்தில். செல்டெல் 1989இல் கைத்தொலைபேசிச் சேவையைத் தொடங்கியபோது தெற்காசியாவில் அது முதலாவது. டயலொக் 1995இல் ஜிஎஸ்எம் சேவையைக் கொண்டுவந்தது. கம்பியில்லாத வீட்டுத் தொலைபேசிக்குச் சன்டெலும் லங்கா பெல்லும் 1996இல் உரிமம் பெற்றன. அதே ஆண்டுச் சட்டத் திருத்தத்தால் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழு உருவானது. 1997இல் ஜப்பானின் என்டிடி, ஸ்ரீலங்கா டெலிகொமின் 35 சதவீதப் பங்கை வாங்கி நிர்வாகத்தையும் ஏற்றது. அடுத்த ஐந்து வருடங்களில் நாட்டின் நிலையான இணைப்புகள் இரு மடங்கைத் தாண்டின. இவை எல்லாம் மேற்கில் வேர்விட்டு, 2002 பெப்ரவரியில் போர்நிறுத்தம் கையெழுத்தான பிறகே வடக்கு கிழக்கில் பரவலாகக் கிளைத்தன.

இணையம் தனியாக, பல்கலைக்கழகங்களின் வழியே வந்தது. மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தின் அபய இந்துருவ முன்னின்று உருவாக்கிய லேர்ன் என்னும் கல்வி ஆய்வு வலையமைப்பு 1990இல் மின்னஞ்சலைத் தொடங்கியது. கடிதங்கள் கணினியில் சேர்த்து வைக்கப்பட்டு, தொலைபேசி அழைப்பு ஒன்றில் மொத்தமாக வெளிநாட்டுக்கு அனுப்பப்பட்டன. இணைய முகவரிகளுக்கான எல்கே என்ற நாட்டுப் பெயரின் பதிவும் அதே ஆண்டில் தொடங்கியது. வணிக ரீதியான முதல் சேவையை லங்கா இன்டர்நெட் 1995இல் தந்தது. பிற்காலத்தில் லேர்ன் திருகோணமலைக்கும் அன்றாடப் பொருளாகிவிட்டது. கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகம் சல்லியிலிருந்து அதிக தூரமில்லாத கோணேசபுரியில் இருக்கிறது. 2020இல் கொரோனாவால் வகுப்பறைகள் மூடப்பட்டபோது, லேர்ன் வழியாக நடந்த விரிவுரைகளையும் பல்கலைக்கழகக் கற்றல் தளங்களையும் சேவை நிறுவனங்கள் மாணவரிடம் கட்டணம் பெறாமல் திறந்துவிட்டன. வலையமைப்பு நிர்வாகத்தில் எடுக்கக்கூடிய ஒரு முடிவு எத்தனை மாணவரின் படிப்பைக் காப்பாற்றும் என்பதற்கு அதைவிடச் சான்று வேண்டாம்.

2004ஆம் ஆண்டு இரண்டு பாடங்களைத் தந்தது. ஆகஸ்டில் கொழும்புத் துறைமுகப் பகுதியில் ஓர் இந்தியச் சரக்குக் கப்பலின் நங்கூரம் கடலடிக் கேபிளில் மாட்டியது. நாடு முழுவதும் இணையம் நின்றது. ஒரே வழியை நம்பியிருந்ததன் விலை அது. அதற்குப் பின் வழிகள் பெருகின: 2005இல் சீமீவீ-4, 2006இல் கல்கிசையையும் தூத்துக்குடியையும் இணைத்த பாரத-லங்கா கேபிள், பின்னர் வங்காள விரிகுடா நுழைவாயில் கேபிள், மாத்தறையில் கரையேறிய சீமீவீ-5. இன்று ஒரு நங்கூரத்தால் நாட்டை நிறுத்திவிட முடியாது.

இரண்டாவது பாடம் டிசெம்பர் 26ஆம் திகதி. சுமாத்திராவில் நிலம் நடுங்கியதற்கும் கிழக்குக் கரையில் ஆழிப்பேரலை ஏறியதற்கும் இடையில் ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் இருந்தது. அந்த நேரத்தில் ஒரு தொலைபேசி அழைப்பு, ஓர் ஒலிபெருக்கி, ஒரு குறுஞ்செய்திகூடக் கரைக்கு வரவில்லை. சல்லியும் நிலாவெளியும் அடிபட்டன; மாவட்டத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அன்று கம்பிகள் அறுந்திருந்ததால் செய்தி வராமல் போகவில்லை. அனுப்புவதற்கு ஒரு முறையும், அனுப்பும் பொறுப்பில் ஓர் ஆளும் இருக்கவில்லை. 2005ஆம் ஆண்டின் 13ஆம் இலக்கச் சட்டம் அனர்த்த முகாமைத்துவத்துக்குச் சட்டத் தளம் அமைத்தது. கடலோரத்தில் எச்சரிக்கைக் கோபுரங்கள் எழுந்தன. டயலொக்கும் மொறட்டுவைப் பல்கலைக்கழகமும் மைக்ரோஇமேஜ் நிறுவனமும் சேர்ந்து உருவாக்கிய டியூன் என்னும் எச்சரிக்கை வலையமைப்பு 2009இல் தொடங்கியது. 2012 ஏப்ரல் 11ஆம் திகதி சுமாத்திராவுக்கு அப்பால் மீண்டும் பெரும் நடுக்கம் வந்தபோது, கரையோர மக்கள் எச்சரிக்கை கேட்டு மேட்டுக்குப் போனார்கள். அலை வரவில்லை, முறை வேலை செய்தது.

ஆழிப்பேரலைக்குப் பின் மீள்குடியேறிய வீடுகளுக்குத் தொலைபேசியைக் கொண்டுவந்தது சிடிஎம்ஏ. ஸ்ரீலங்கா டெலிகொமும் லங்கா பெல்லும் 2005இல் இதைத் தொடங்கின. மேசைத் தொலைபேசி போலவே இருக்கும். பின்னால் கம்பிக்குப் பதில் சிறிய அன்டெனா. தூண் நடவோ கம்பி இழுக்கவோ தேவையில்லை. அது உறுதிப்படுமுன்னே போர் திரும்பியது. 2006இல் மாவிலாறில் தொடங்கிய சண்டை மூதூர், சம்பூர் என்று மாவட்டத்தின் தெற்கைக் குலைத்தது. வடக்கு கிழக்கின் பல பகுதிகளில் கைத்தொலைபேசிச் சேவை அவ்வப்போது நிறுத்தப்பட்டது. வலையமைப்பை மேம்படுத்துவது பொறியியலாளர் கையில் மட்டும் இல்லை என்பதை இக்கரை மக்கள் கண்ணால் கண்டவர்கள்.

2009இல் போர் முடிந்த பின் வேகம் கூடியது. அந்த ஆண்டு ஒக்டோபரில் கிண்ணியாப் பாலம் திறக்கப்பட்டது. படகுப் பாதையில் காத்திருந்த மட்டக்களப்பு வீதி அடுத்தடுத்த பாலங்களால் முழுமையாயிற்று. கண்ணாடியிழைக் கேபிள் வீதியோரமாகவும் பாலத்தின் மேலாகவும்தான் போகும். எனவே வீதி திருந்துவது என்பது வலையமைப்பும் திருந்துவதாகும். வரைபடத்தில் திருகோணமலைக்கு மூன்று பெருவழிகள் உண்டு: குருநாகல், ஹபரணை, கந்தளாய் வழி; அநுராதபுரம், ஹொரவப்பொத்தானை வழி; மட்டக்களப்பு வழி. இவற்றில் இரண்டை வளையமாக இணைத்துவிட்டால், ஒரு பக்கம் மண்வெட்டும் இயந்திரம் கேபிளை அறுத்தாலும் செய்தி மறுபக்கம் சுற்றிவரும். எம்பிஎல்எஸ் என்னும் தொழில்நுட்பம் அறுந்த வழியை விட்டு மாற்று வழிக்கு நொடியின் ஒரு பகுதிக்குள் மாற்றிவிடும். வளையம் இல்லாத ஊரில் அந்தத் தொழில்நுட்பத்தால் ஒரு பயனும் இல்லை.

கடைசிச் சில கிலோமீட்டர்தான் அதிக காலம் பிடித்தது. ஸ்ரீலங்கா டெலிகொம் 2003இல் ஏடிஎஸ்எல்லைக் கொண்டுவந்தபோது, பழைய செம்புக் கம்பியே இணையத்தையும் சுமந்தது. பரிமாற்று நிலையத்திலிருந்து நாலைந்து கிலோமீட்டர் தாண்டினால் அதன் வேகம் தேய்ந்துவிடும். கடற்கரையில் இன்னொரு தொல்லை: உப்புக்காற்று. இணைப்புப் பெட்டிக்குள் செம்பு பச்சை பூத்து, மழை பெய்தால் இரைச்சல் கேட்கும். இதற்கு முதல் தீர்வாக வந்தவை வீதியோர இரும்புப் பெட்டிகள். பரிமாற்று நிலையத்தின் வேலையைச் செய்யும் கருவியைச் சந்திக்குக் கொண்டுவந்து, அதுவரை கண்ணாடியிழையும் அங்கிருந்து வீட்டுக்கு மட்டும் செம்பும் என்று பிரித்தார்கள். அடுத்த கட்டத்தில் வீடுவரை கண்ணாடியிழையே வந்தது. ஜிபொன் முறையில் ஒரே இழை, மின்சாரமே வேண்டாத ஒரு பிரிப்பானால் 32 அல்லது 64 வீடுகளுக்குப் பிரிகிறது, 20 கிலோமீட்டர் வரை எட்டும், நொடிக்கு 2.5 கிகாபிட் அந்த வீடுகளுக்கிடையே பகிரப்படும். கண்ணாடியை உப்பு அரிக்காது. கடற்கரைக் கிராமத்துக்கு இதைவிடப் பொருத்தமான பொருள் வேறில்லை.

இழை அறுந்தால் ஒட்டுவது நுணுக்கமான வேலை. தூணடியில் அமர்ந்த தொழிலாளி கறுப்பு உறையை உரித்து, மயிரிழை அளவு கண்ணாடியை மதுசாரம் தோய்ந்த தாளால் துடைத்து, சிறு வெட்டுக்கருவியில் வைத்துச் செங்குத்தாக முறிக்கிறார். இரு முனைகளையும் ஒட்டு இயந்திரத்தில் வைத்தால், திரையில் அவை பெரிதாகத் தெரிந்து தாமாகவே நேராகும். ஒரு மின்பொறி, இரண்டும் உருகி ஒன்றாகும். மேலே ஒரு குழலை நகர்த்திச் சூடாக்கிச் சுருக்கினால் முடிந்தது. கடற்காற்றில் பறந்து வரும் ஒரு மணல்துகள் முனையில் படிந்தால் எல்லாவற்றையும் மறுபடி செய்ய வேண்டும். வீட்டுக்குள் ரவுட்டரில் எரிந்த சிவப்பு விளக்கு அணைந்து பச்சை விளக்கு அசையாமல் நின்றால்தான் அவர் ஏணியை மடிப்பார்.

வலையமைப்பை நடத்துவது இதைப் போல் கண்ணுக்குத் தெரிவதில்லை. இணையத்தில் ஒவ்வொரு சேவை நிறுவனத்துக்கும் ஓர் எண் உண்டு. ஸ்ரீலங்கா டெலிகொமுக்கு 9329, டயலொக்குக்கு 18001. எந்த முகவரி எந்த எண்ணின் வழியே கிடைக்கும் என்பதை 1989இல் பிறந்த பிஜிபி நெறிமுறை உலகம் முழுதும் அறிவிக்கிறது. அதற்கு ஒரு வருடம் முந்திய எஸ்என்எம்பி, ஒவ்வொரு கருவியும் தன் நலத்தைக் கட்டுப்பாட்டு மையத்துக்குச் சொல்லும் மொழி. கிழக்கில் ஒரு கோபுரத்தின் பற்றரி இறங்குவதை அந்த ஊரார் அறியுமுன் மையத்தின் திரை அறியும். ஆசிய பசிபிக் பகுதிக்கான பழைய வகை ஐபி முகவரிகள் 2011 ஏப்ரலில் கடைசித் தொகுதிக்கு வந்துவிட்டன. அதனால் இன்று பல கைத்தொலைபேசிகள் ஒரே பொது முகவரியைப் பகிர்ந்துகொண்டே இணையத்துக்குப் போகின்றன. புதிய ஐபிவி6 முறைக்கு மாறுவது மெல்ல நடக்கிறது.

நெரிசலைச் சமாளிக்கும் வழியை மட்டும் வாடிக்கையாளர் நேரடியாகவே அறிவார். மாலை ஏழு முதல் பத்துவரை எல்லா வீட்டிலும் படம் ஓடும். வலையமைப்பு அந்த மூன்று மணி நேரத்துக்காகவே கட்டப்படுகிறது, மீதி நேரம் பாதி காலி. இலங்கை நிறுவனங்கள் டேட்டாவை இரண்டாகப் பிரித்து ஒரு பங்கை நள்ளிரவுக்குப் பின் மட்டும் பயன்படும்படி விற்றதன் காரணம் இதுதான். விடியுமுன் கடலுக்குப் போகிறவன் வீட்டில் அந்த இரவுப் பங்கு பெரும்பாலும் வீணே காலாவதியாகும். கொழும்பு அலுவலகத்தின் நேரத்தை வைத்துத் தீட்டிய திட்டம் கரையூரின் நேரத்துக்குப் பொருந்தாது.

நிர்வாகம் என்பதில் நிறுத்துவதும் அடங்கும். 2018 மார்ச்சிலும் 2019 ஏப்ரலிலும் சமூக ஊடகங்கள் அரச ஆணைப்படி முடக்கப்பட்டன. 2022 ஏப்ரல் 3ஆம் திகதி, மக்கள் எதிர்ப்பு வலுத்தபோது, மீண்டும் அரை நாளுக்கு மேல் முடக்கப்பட்டன. அதற்கு மூன்று நாள் முன்னர், மார்ச் 31ஆம் திகதி, நாட்டில் 13 மணி நேர மின்வெட்டு. கோபுரத்துப் பற்றரி சில மணி நேரத்துக்கு உரியது. ஜெனரேற்றருக்கு டீசல் கிடைக்கவில்லை. கேபிளும் ரவுட்டரும் பழுதில்லாமலே சேவை நின்றது.

புயல் இதே குறையை வேறு முகத்தில் காட்டுகிறது. 2020 டிசெம்பர் 2ஆம் திகதி இரவு புரெவிப் புயல் திரியாய்க்கும் குச்சவெளிக்கும் இடையில், சல்லியிலிருந்து வடக்கே நிலாவெளி வீதி போகும் அதே கரையில், தரை தொட்டது. எச்சரிக்கை முன்கூட்டியே கிடைத்ததால் மக்கள் இடம்பெயர முடிந்தது. புயல் கடந்த மறுநாள்தான் தொடர்பு இன்னும் அதிகம் தேவை: படகுகள் எங்கே, யார் திரும்பவில்லை என்று கேட்பதற்கு. மின்சாரம் திரும்பும்வரை கோபுரம் தாங்கவில்லையென்றால், எச்சரித்த வலையமைப்பே தேடுதலின்போது கைவிடும்.

செய்மதி வழியும் இப்போது உண்டு. ஸ்டார்லிங்க் 2024 ஆகஸ்டில் உரிமம் பெற்று 2025 ஜூலையில் சேவையைத் தொடங்கியது. கேபிள் அறுந்தாலும், கோபுரம் சாய்ந்தாலும், ஒரு தட்டும் சிறிது மின்சாரமும் இருந்தால் போதும். அதன் கட்டணம் மீனவக் குடும்பத்துக்குக் கட்டாது. ஆனால் ஒரு கூட்டுறவுச் சங்கத்துக்கோ பிரதேச செயலகத்துக்கோ அவசரகால வழியாகக் கட்டும்.

சேவை நிறுவனங்கள் வேகத்தை விளம்பரம் செய்கின்றன. கடலோர மாவட்டத்துக்கு முதலில் தேவை வேகத்தை விட வேறு மூன்று எண்கள்: வருடத்தில் எத்தனை மணி நேரம் சேவை நின்றது, கோபுரத்தின் பற்றரி எத்தனை மணி நேரம் தாங்கும், முதுகெலும்புக் கேபிளுக்கு மாற்று வழி உண்டா இல்லையா. தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழு இந்த மூன்றையும் பிரதேச செயலகப் பிரிவுவாரியாக, நிறுவனத்தின் பெயரோடு, தமிழிலும் சிங்களத்திலும் ஆண்டுதோறும் வெளியிட வேண்டும். திருகோணமலைப் பட்டினமும் சூழலும், குச்சவெளி, மூதூர் பிரிவுகளிலிருந்து அதைத் தொடங்கலாம்.